மேசை இல்லாத இடத்தில் கீபோர்டு டேப்லெட்

பழைய செட்டிநாட்டு வீடுகளில் இருக்கும் பண்டபாத்திரங்களைப் பட்டியலிட்டுக் கொடுப்பது என் தொழில். பெட்டகத்தின் அருகே தரையில் அமர்ந்து, ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, அதன் அளவையும் அதில் வெட்டியிருக்கும் இனிஷியலையும் உடனுக்குடன் பதிய வேண்டியிருப்பதால், மேசை கேட்காத கருவி ஒன்று தேவைப்பட்டது. அதற்காக வாங்கியதுதான், பின்புறம் உலோகத் தாங்கியும் முன்புறம் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கீபோர்டும் கொண்ட இந்த 12 அங்குல டேப்லெட்.

தட்டச்சு செய்வதில் குறையில்லை. தமிழ்99 விசை அமைப்பு பழகிய கைக்கு ஆங்கில எழுத்து மட்டும் அச்சிட்ட விசைகள் ஒரு தடையே அல்ல. கீபோர்டுக்குத் தனியாகச் சார்ஜ் போடும் வேலையும் இல்லை.

மடியில் வைத்தால்தான் கதை மாறுகிறது. லேப்டாப்பில் பேட்டரியும் மதர்போர்டும் விசைப்பலகைக்கு அடியில் இருப்பதால் பாரம் மடியில் இறங்கி நிற்கும். டேப்லெட்டில் அவை அனைத்தும் திரைக்குப் பின்னால் இருப்பதால், கனமான திரையை மெல்லிய கீபோர்டு தாங்க இயலாமல், பின்னால் விரியும் தாங்கியே சுமக்க வேண்டியிருக்கிறது. நாற்காலியில் அமர்ந்தால் கீபோர்டின் முன்விளிம்பிலிருந்து தாங்கியின் நுனிவரை ஓரடிக்கும் மேல் இடம் பிடிக்கிறது. தொடை நீளம் குறைந்தவர்களுக்குத் தாங்கி முழங்காலைத் தாண்டிவிடும். திரையின் மேல் மூலையை விரலால் தொட்டாலே முழுக் கருவியும் ஆடுகிறது. கீபோர்டைச் சாய்வாக மடித்து ஒட்டினால் அடியில் வெற்றிடம் விழுந்து, தட்டும்போதெல்லாம் அமுங்கி எழுகிறது. மடியில் அதைத் தட்டையாக விரித்துவிடுவதே நல்லது.

சம்மணமிட்டு அமர்ந்து, கீபோர்டைக் கால்மேல் வைத்துத் தாங்கியைத் தரையில் ஊன்றினால் நன்றாக நிற்கும் என்று தோன்றும். ஆனால் இந்த வீடுகளின் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பில் தாங்கி மெல்ல மெல்லப் பின்னோக்கி நழுவ, நாலைந்து வரி அடிப்பதற்குள் திரை மல்லாந்துவிடுகிறது. கோரைப்பாய் விரித்தால் நழுவுவதில்லை. இரண்டு தொடைகளின் மீதும் அகலமான பலகை ஒன்றைக் குறுக்கே வைத்து, அதன் மேல் கருவியை வைப்பது இன்னும் உறுதி. அந்நாளைய கணக்குப்பிள்ளைகளும் சாய்வு மூடி போட்ட பெட்டியை முன்னால் வைத்துத்தான் எழுதினார்கள், மடியை நம்பவில்லை.

ஒரு நன்மையையும் சொல்லியாக வேண்டும். சூடாகும் பாகம் திரைப்பக்கம் இருப்பதால், சித்திரை வெயிலில் வீட்டின் மின்விசிறி இல்லாத இரண்டாம் கட்டுப் பகுதியில் எவ்வளவு நேரம் வேலை செய்தாலும் தொடை சுடுவதில்லை. கீபோர்டைக் கழற்றிவிட்டு, பரணில் ஏறிப் படம் எடுக்கும் வசதியும் லேப்டாப்பில் கிடைக்காது.

விறைப்பான கீல் கொண்ட கீபோர்டுகள் மடியில் இதைவிட உறுதியாக நிற்கும் என்றாலும், அந்த உறுதிக்கு எடை தேவை. 2020ஆம் ஆண்டின் 12.9 அங்குல ஐபேட் ப்ரோவில் அத்தகைய கீல் கொண்ட மேஜிக் கீபோர்டை மாட்டினால் மொத்தம் 1.3 கிலோவை எட்டிவிடும். அதே ஆண்டின் மேக்புக் ஏர் லேப்டாப்பே ஏறக்குறைய அந்த எடைதான். நாள் முழுவதும் மடியில் வைத்து எழுதுபவர் லேப்டாப்பையே வாங்கலாம். என்னைப் போல் இடையிடையே எழுதி, எழுந்து நடந்து படம் எடுப்பவருக்கு இந்த டேப்லெட் போதும். ஆனால் கடையில் மேசைமேல் வைத்துக் காட்டுவதோடு திருப்தியடையாமல், ஒரு நாற்காலி கேட்டு மடியில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கீபோர்டுக்குத் தனி விலை என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு அதை பில் போடும்போதுதான் சொன்னார்கள்.