வீட்டு டே கேரில் டாப்போ சி200: எதற்கு உதவும், எதற்கு உதவாது

வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கம் வீட்டுக் கூடத்திலேயே ஏழெட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு டிபி-லிங்க்கின் டாப்போ சி200 கண்காணிப்புக் கேமரா தாராளமாகப் போதும். 1080பி படம், பேச்சு கேட்கும், பக்கவாட்டில் 360 டிகிரி திரும்பும். ஆனால் அந்தச் சுழற்சிதான் டே கேரில் தொல்லை.

அசைவைப் பின்தொடரும் வசதியை ஆன் செய்தால், ஓடுகிற பிள்ளையின் பின்னாலேயே கேமரா திரும்பிவிடும். அந்த நேரம் மூலையில் இன்னொரு குழந்தை பாசிமணியை எடுத்து வாயில் போட்டால் பதிவில் இருக்காது. அதை ஆஃப் செய்துவிடுங்கள். வாசல் கதவும் பாயும் ஒரே படத்தில் விழும் கோணத்தில் நிறுத்துங்கள். மறைவு இருந்தால் எதிர் மூலைக்கு இன்னொரு கேமரா வாங்குவதுதான் சரி. உயரம் 7 அடிக்கு மேல், ஜன்னலுக்கு முதுகு காட்டி. ஜன்னலைப் பார்த்து வைத்தால் பிள்ளைகள் கறுப்பு உருவமாகத்தான் தெரிவார்கள். சீலிங்கில் தலைகீழாக மாட்டினால் ஆப்பில் படத்தைத் திருப்பிவிட மறக்க வேண்டாம்.

தூளி கட்டிய அறையில் அறிவிப்பு ஓயாமல் வரும், தூளி ஆடுவதும் அதற்கு அசைவுதானே. அசைவைக் கவனிக்கும் பகுதியைக் கதவோரம் மட்டும் வரைந்து கொடுத்தால் அடங்கும். கொசுவலை இதைவிட மோசம். இருட்டில் கேமரா விடும் அகச்சிவப்பு வெளிச்சம் பக்கத்திலுள்ள வலையில் பட்டுத் திரும்பி, படம் வெள்ளையாகப் புகைந்துவிடும். உள்ளே பிள்ளை குப்புறப் படுத்திருக்கிறதா என்றே தெரியாது. மதியத் தூக்கத்துக்குத் திரை இழுத்து அறை இருட்டானாலும் இதேதான். இரவுப் பார்வையை நிறுத்திவிட்டு ஒரு சின்ன நைட் லாம்ப் போடுங்கள்.

மெமரி கார்டு கணக்கு: நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு சுமார் 0.9 ஜிபி. காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும் பதிவு செய்ய நேரம் குறித்தால் நாளுக்கு 9 ஜிபி. 128 ஜிபி கார்டில் ஏறக்குறைய இரண்டு வாரம் நிற்கும். 24 மணி நேரமும் ஓடவிட்டால் ஒரு வாரம்கூட வராது. போனுக்கான சாதாரண கார்டு இந்த இடைவிடாத எழுத்தைத் தாங்காது. அடிக்கடி அழித்து எழுதத் தாங்கும் ‘ஹை என்டூரன்ஸ்’ ரகம் கேட்டு வாங்குங்கள்.

பராமரிப்புக்காகப் பகலில் மணிக்கணக்கில் கரெண்ட் நிற்கும் நாளில் ரவுட்டரும் கேமராவும் சேர்ந்தே போகும். மினி யூபிஎஸ் வாங்கும்போது வோல்டேஜைப் பாருங்கள்: ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட், இந்தக் கேமரா 9 வோல்ட். பின் பொருந்துகிறதே என்று 12-ஐச் சொருகினால் கேமரா கருகக்கூடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் எடுக்கும் என்பதையும் கவனியுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடல் பக்கத்து வீடுகளில் இதை வராண்டாவில் மாட்டாதீர்கள். இது உள்ளறைக் கேமரா, உப்புக்காற்றில் பவர் பின் பச்சை பூத்துவிடும். வயரைக் கூரையோரமாகக் கேசிங்குக்குள் கொண்டுபோங்கள். தொட்டில், தூளியிலிருந்து மூன்றடிக்குள் எந்த வயரும் தொங்கக் கூடாது.

“ஆன்லைன்ல பார்க்கலாமா?” என்று பெற்றோர் கேட்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் நேரலை திறக்காது. அது ஒருபுறம் இருக்க, ஒருவர் தன் பிள்ளையைப் பார்க்கும்போது மற்ற எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கிறார். நேரலை கொடுக்காமல், விழுந்தது, கடித்தது போன்ற நிகழ்வின் பதிவை டே கேரிலேயே உட்கார வைத்துக் காட்டுவதுதான் முறை. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ளவர் தரவுக்குப் பொதுவாகப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சேர்க்கைப் படிவத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கழிவறை, டயப்பர் மாற்றும் இடம் எந்தக் கோணத்திலும் படக்கூடாது. பாஸ்வேர்டை ஆயம்மாவுக்கோ மாட்டிக்கொடுத்த எலக்ட்ரீஷியனுக்கோ சொல்லாதீர்கள். வேலை முடிந்ததும் மாற்றிவிட்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் ஆன் செய்யுங்கள்.