டோர் டெலிவரி என்று நம்பி என்ஜின் வரவழைப்பவர்களுக்கு

பழைய ஜீப்புக்கோ வேனுக்கோ டிராக்டருக்கோ வெளியூரிலிருந்து என்ஜின், கியர்பாக்ஸ் என்று பார்சல் லாரியில் வரவழைக்க நினைப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு புக் பண்ணுங்கள். பணம் போனதைக்கூட விட்டுவிடுவேன். என் சித்தப்பா மகனின் விரல் நசுங்கியதை விட முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் போடிநாயக்கனூர். அப்பா ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போன மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் ஒன்று வீட்டில் நிற்கிறது. போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இருபது வருஷம் ஏறி இறங்கிய வண்டி. அதில் இருப்பது பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் என்ஜின், நாலு சிலிண்டர், 2112 சி.சி. பிளாக்கிலேயே விரிசல் விட்டுவிட்டதால் வேறு என்ஜின் தேட வேண்டியதாயிற்று. எங்கள் பக்கம் கிடைப்பதெல்லாம் மலையேறித் தேய்ந்தவை என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். கடைசியில் சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடையில் கியர்பாக்ஸோடு சேர்த்து 62,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். ஓடவிட்டுப் பார்த்துத்தான் வாங்கினோம். நல்ல என்ஜின்.

அனுப்பியது ஒரு பார்சல் சர்வீஸ் மூலமாக. எடை 310 கிலோ என்று எல்.ஆர். (லாரி ரசீது) போட்டார்கள். போடி வரைக்கும் டோர் டெலிவரியோடு வாடகை 3,200 ரூபாய். புக் பண்ணும்போது போனில் இரண்டு முறை கேட்டேன்.

"வீட்டுல இறக்கிக் கொடுத்துருவீங்களா?"

"வாசல்லயே கொடுத்துருவோம் சார்."

"இறக்க ஆள் வருவாங்களா? முந்நூறு கிலோ இருக்கு."

"அதெல்லாம் வருவாங்க சார்."

இந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட எல்.ஆரில் இல்லை. அதில் இருந்தது 'டோர் டெலிவரி' என்ற இரண்டு சொல் மட்டும்தான். வண்டி உங்கள் வாசலில் வந்து நிற்பதையே அவர்கள் டோர் டெலிவரி என்கிறார்கள். வண்டியிலிருந்து தரைக்கு வருவது அவர்கள் கணக்கில் வேறு வேலை. எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில் தேனி குடோனிலிருந்து குட்டியானையில் என்ஜின் வந்தது. டிரைவரும் பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையனும் மட்டும். முன்கூட்டி ஒரு போன்கூட இல்லை, தெருமுனைக்கு வந்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். மெக்கானிக் அண்ணன் பாரம் தூக்கும் செயின் பிளாக் கொண்டுவர அரை மணி நேரம் ஆகும் என்றார். டிரைவரிடம் சொன்னேன்.

"அண்ணே, எனக்கு இன்னும் நாலு எடம் போகணும். இறக்குறது எங்க வேலையும் இல்ல. ரெண்டாயிரம் கொடுத்தீங்கன்னா நாங்களே இறக்கி வச்சுட்டுப் போறோம். இல்லன்னா திரும்ப குடோனுக்குக் கொண்டு போறேன், தெனமும் டெமரேஜ்னு குடோன் வாடகை ஏறும், பரவால்லயா?"

பேசிப் பேசி 1,500 ரூபாய்க்கு இறங்கினார். ஜிபேயில் அனுப்பினேன். உடனே எல்.ஆர். நகலை நீட்டி, "இதுல சைன் பண்ணிருங்கண்ணே, இருட்டிட்டா எழுத்துத் தெரியாது" என்றார். 'சரக்கு நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று கீழே அச்சிட்டிருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அப்போது என்ஜின் இன்னும் வண்டி மேலேதான் இருந்தது.

அப்புறம் நடந்ததை மெதுவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. இரண்டு பழைய டயரைத் தரையில் போட்டார்கள். கேஸ் சிலிண்டரை டயர் மேல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே முறை. சிலிண்டர் உருளை வடிவம், எடையும் சமமாகப் பரவியிருக்கும். என்ஜின் அப்படி இல்லை. கியர்பாக்ஸ் நீளமாக ஒரு பக்கம் நீண்டிருக்கும், ஆனால் பாரமெல்லாம் பிளாக் பக்கம். கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கடப்பாரையால் நெம்பி நெம்பி விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள். பாதி வெளியே வந்ததும் கனமான பக்கம் தானாகக் கவிழத் தொடங்கியது. பையன் கையை விட்டு ஒதுங்கிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் செய்ததுதான் சரி. பக்கத்தில் நின்ற என் தம்பி, சித்தப்பா மகன், விழப்போகிறதே என்று கை நீட்டித் தாங்கப் போனான்.

முந்நூறு கிலோ என்றால் ஆறு சிமெண்ட் மூட்டை. ஆறு மூட்டை ஒரே கட்டாக விழும்போது யாரும் தாங்க மாட்டோம். ஆனால் கண்ணெதிரே நம் பொருள் விழுந்தால் கை தன்னால் நீண்டுவிடுகிறது. என்ஜினுக்கு அடியில் இருந்த மரச்சட்டத்துக்கும் வண்டியின் பின்கதவு விளிம்புக்கும் நடுவில் அவனுடைய வலது கை மோதிர விரல் நுனி மாட்டிக்கொண்டது. என்ஜின் ஒரு டயரைத் தவறவிட்டு, சாக்கடை மூடியின் கல் விளிம்பில் அடிபட்டுச் சாய்ந்து விழுந்தது. அந்தச் சத்தத்தையும் அவன் அலறலையும் நான் தனித்தனியாகக் கேட்கவில்லை.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற அவசரத்தில் டிரைவரை யாரும் நிறுத்தவில்லை. வண்டி போய்விட்டது. எக்ஸ்ரேயில் விரல் நுனி எலும்பு உடைந்திருந்தது. நகம் போய்விட்டது. அவன் பிழைப்பே எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுவதுதான். மூன்று வாரம் கட்டோடு வீட்டில் இருந்தான்.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் என்ஜினைப் பார்த்தார். என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கில் போல்ட் மாட்டும் ஒரு காது உடைந்திருந்தது. அது கண்ணுக்குத் தெரிகிற சேதம். அவர் பயந்தது வேறொன்றுக்கு. அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டியான ஆயில் சம்ப் வெறும் தகடு. அதன் அடித்தளத்துக்குச் சற்று மேலேதான் ஆயிலை உறிஞ்சும் வடிகட்டி நிற்கும், நடுவில் இருப்பது மெல்லிய இடைவெளி. சம்ப் உள்ளே நசுங்கினால் அந்த இடைவெளி அடைபட்டு ஆயில் மேலே ஏறாது. வெளியே பார்த்தால் சின்னச் சொட்டைதானே என்று தோன்றும். அப்படியே வண்டியில் ஏற்றி ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச நேரத்திலேயே பேரிங் எல்லாம் கடித்துக்கொள்ளும். சம்பைக் கழற்றினோம். வடிகட்டி தகட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது. எந்தப் பழைய என்ஜின் லாரியில் வந்தாலும், விழவில்லை என்று அவர்கள் சத்தியம் செய்தாலும், சம்பைக் கழற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

இன்னொன்றையும் அவர் காட்டினார். விற்ற கடைக்காரர் போட்டிருந்த மரச்சட்டத்தில் என்ஜின் அதன் மவுண்டிங் கால்களில் உட்கார்ந்திருக்கவில்லை. முழு பாரமும் சம்ப் தகட்டின் மேலேயே இருந்திருக்கிறது. ஆயிலை வடித்துவிட்டு அனுப்புகிறேன் என்று சொன்னவர் அதையும் செய்யவில்லை. விழுந்த இடமெல்லாம் ஆயில், நிற்கக்கூட வழுக்கியது. ஆக, தவறு லாரிக்காரர்களுடையது மட்டும் இல்லை. கடையில் கட்டும்போது நான்கு பக்கமும் போட்டோ அனுப்பச் சொல்லி, சட்டம் எதைத் தாங்கி நிற்கிறது என்று நான் பார்த்திருக்க வேண்டும்.

சரி, தெருவில் கிடந்த என்ஜினை உள்ளே கொண்டுபோன கதை. கேட்டிலிருந்து பின்பக்க ஷெட் வரை 40 அடி. அன்று வந்தது மெக்கானிக் அண்ணனும், ஏலக்காய் குடோனில் முப்பது வருஷம் லோடுமேனாக இருந்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவரும். இவர்கள் வேலை செய்ததைப் பார்த்தபோது முந்தின நாள் நடந்தது எவ்வளவு அநியாயம் என்று புரிந்தது.

பெரியவர் முதலில் செய்தது, ஆயில் மேல் மரத்தூளும் மணலும் கொட்டிக் கூட்டியது. அப்புறம் இரண்டங்குல ஜி.ஐ. பைப்பில் முக்காலி நிறுத்தினார்கள். மூன்று காலும் அகன்று வழுக்காதபடி அடியில் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டினார்கள். மேலே ஒரு டன் செயின் பிளாக். நான் நைலான் கயிறு எடுத்து வந்தேன், பெரியவர் வேண்டாம் என்றார். என்ஜினின் கூரான விளிம்பில் பட்டால் இறுகிய நைலான் கத்தியில் பட்டதுபோல அறுந்துவிடுமாம். தூக்குவதற்கென்றே என்ஜினில் இருக்கும் கண்களில் இரும்புச் சங்கிலி மாட்டினார்கள். சன்ஷேட் கம்பியில் செயின் பிளாக்கைக் கட்டித் தூக்கலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சன்ஷேட் அந்தப் பாரத்துக்குப் போட்டதே இல்லை, தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

தூக்கியதும் ஒரு சாண் உயரம் மட்டும். அதற்குமேல் ஓர் அங்குலம்கூட ஏற்றவில்லை. அடியில் கனமான பலகை, பலகைக்கு அடியில் மூன்று பைப் துண்டுகள். பின்னால் இருவர் தள்ள, பின்னால் வெளிவரும் பைப்பை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டே போக வேண்டும். திரும்ப வேண்டிய இடத்தில் முன் பைப்பைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் தானாகத் திரும்புகிறது. மதுரையில் சித்திரைத் தேர் மாசி வீதிகளில் வரும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல ஒவ்வொரு தள்ளுக்கும் முன்னும் பின்னும் கட்டை போட ஓர் ஆளைத் தனியாக நிறுத்தினார் பெரியவர். குரல் கொடுப்பது அவர் ஒருவர் மட்டும். அவர் "போடு" என்றால் கட்டை, "விடு" என்றால் தள்ளு. மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

வழியில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தரைக்கு அடியில் இருக்கிறது. அதன் மூடி இரண்டங்குல சிலாப். நான் யோசிக்கவே இல்லை, மெக்கானிக் அண்ணன்தான் காலால் தட்டிப் பார்த்து நிறுத்தினார். நம் வீடுகளில் கேட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவே தண்ணீர்த் தொட்டியோ செப்டிக் டேங்கோ இல்லாத வீடு குறைவு. தொட்டிச் சுவர்களுக்கு இரு பக்கமும் தாண்டி உட்காரும்படி இரண்டு நீளமான தடிப்பலகைகளைக் குறுக்கே போட்டு அதன் மேல் உருட்டினோம். நாற்பது அடி கடக்க இரண்டு மணி நேரம் ஆனது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

முந்தின நாள் வண்டியிலிருந்து இறக்கவும் பெரிய வித்தை தேவைப்பட்டிருக்காது என்றார் பெரியவர். இடுப்பு உயரம், 3 அடி. பத்தடிப் பலகை இரண்டைச் சாய்த்துப் போட்டிருந்தால் முந்நூறு கிலோ கீழ்நோக்கி இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய தொண்ணூறு கிலோதான். மரமும் மரமும் உரசுவதே அதில் பெரும்பகுதியைத் தாங்கிவிடும். சக்கரத்துக்குக் கல் வைத்து, கயிற்றைக் கேபினுக்குப் பின்னால் உள்ள கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருந்தால் போதும். சரிவுக்குக் கீழே மட்டும் யாரும் நிற்கக் கூடாது.

அந்த பார்சல் ஆபீசுக்குப் பேசினால், நீங்கள்தான் நல்ல நிலையில் வாங்கியதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்கிறார்கள். சென்னையைக் கேட்டால் தேனியைக் கேளுங்கள் என்கிறார்கள். தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னதை எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சேதத்துக்கு லாரிக்காரர்களின் அலட்சியத்தை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் பொருளின் மதிப்பை அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாமல் விட்டால், இழப்பீடு வாடகையைப் போல் பத்து மடங்குக்கு மேல் கிடைக்காது. என் விஷயத்தில் அது 32,000 ரூபாய். என்ஜின் முழுசாக உடைந்திருந்தால் பாதித் தொகை போயிருக்கும். வழக்குப் போடுவதற்கு முன் எழுத்துமூலமாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதுவும் புக் பண்ணிய நாளிலிருந்து 180 நாளுக்குள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915.

புக் பண்ணும்போதே, இறக்கித் தருவது அவர்கள் பொறுப்பா இல்லையா என்பதை எல்.ஆரிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டோம் என்றால் டோர் டெலிவரி வேண்டாம், குடோனிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆள், உங்கள் செயின் பிளாக், உங்கள் நேரம். பகலில் இறக்குங்கள். தரைக்கு வந்து பிரித்துப் பார்க்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் 'பிரித்துப் பார்க்கவில்லை' என்று உங்கள் கையால் எழுதிவிட்டுப் போடுங்கள். வண்டி நின்றது முதல் போனில் வீடியோ எடுங்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். வீட்டில் இருக்கிற எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவைக்க வேண்டியது, விழுந்தால் விழட்டும், யாரும் கை நீட்டக் கூடாது என்பதுதான். நான் அதைத் தம்பியிடம் சொல்லவில்லை.

ரிப்பேர் செலவு, மருத்துவச் செலவு, அவனுடைய மூன்று வாரச் சம்பளம் எல்லாம் கணக்குப் போட்டு, டிரைவருக்கு ஜிபேயில் அனுப்பிய ரசீதையும் சேர்த்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். அவர்கள் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வந்துவிட்டது, பதில் வரவில்லை. அடுத்த வாரம் தேனியில் மனு கொடுக்கிறோம். தம்பிக்குப் புது நகம் முளைக்க ஆரம்பித்திருக்கிறது. கியர் போடும்போது அந்த விரலை மட்டும் இன்னும் தூக்கியே வைத்துக்கொள்கிறான்.