ஒரு பைட் தாண்டினால்: வால்கிரைண்டா, ஏசானா?

24 ஆங்கில எழுத்துப் பெயர் வந்தால் மட்டும் புரோகிராம் விழும். 10 எழுத்துக்கும் 23 எழுத்துக்கும் ஒன்றும் ஆகாது. நான் எழுதிய சி கோடுதான். எழுத்துகளை எண்ணும் ஸ்ட்ர்லென் (strlen) சொன்ன நீளத்துக்கே, மெமரி ஒதுக்கும் மாலாக்கில் (malloc) இடம் கேட்டிருந்தேன்; பெயர் முடிந்ததைக் குறிக்க முடிவில் வரும் பூஜ்ய பைட்டுக்கு இடம் விடவில்லை. 64-பிட் லினக்ஸில், மாலாக் அடங்கிய சி லைப்ரரியான ஜிலிப்சி (glibc), 10 பைட் கேட்டாலும் 24 தரும். அதனால் 11-வது பைட் சத்தமில்லாமல் உள்ளேயே அடங்கிவிடும். 24 கேட்டால் 24தான். 25-வது பைட், அடுத்த துண்டின் அளவு பதிந்திருக்கும் இடத்தில் போய் விழும். விழுந்த பிறகும் உடனே தெரியாது. வெகுநேரம் கழித்து, மெமரியைத் திருப்பித் தரும், சம்பந்தமே இல்லாத ஒரு ஃப்ரீயில் (free) வெடிக்கும்.

இதை அற்பமாக எண்ண வேண்டாம். ஜிலிப்சியிலேயே இருந்த இதே வகைத் தவறைக் கொண்டு கணினியின் முழுக் கட்டுப்பாடான ரூட் அதிகாரம் பெறலாம் என்று 2014-இல் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான புராஜெக்ட் ஜீரோ செய்து காட்டியது.

மெமரித் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கருவிகளான வால்கிரைண்ட் (Valgrind), ஏசான் (AddressSanitizer) இரண்டுமே என் தவறை 10 எழுத்துப் பெயரிலேயே பிடித்தன. இரண்டின் அறிக்கையும் ஒன்றுதான்: கேட்டு வாங்கிய இடம் முடிந்து 0 பைட் தள்ளி எழுதப்பட்டிருக்கிறது. அந்த 0-வைப் பார்த்தாலே ஒன்று பிசகிய கணக்கு என்று புரிந்துவிடும்.

வித்தியாசம், ஃபங்ஷனின் லோக்கல் வேரியபிள்கள் இருக்கும் ஸ்டாக்கில்தான். 64 இடமுள்ள லோக்கல் அரேயில் லூப்பை 0 முதல் 64 வரைக்கும் ஓட்டிப் பாருங்கள். வால்கிரைண்டில் மெமரியைச் சோதிக்கும் பகுதியான மெம்செக் வாயே திறக்காது. ஏசானோ எந்த வேரியபிள், எந்த வரி என்று சொல்லிவிடும். கம்பைல் செய்யும்போதே ஒவ்வொரு அரேயைச் சுற்றியும் தடைப்பகுதி வைத்துவிடுகிறதே! வேகத்திலும் ஏசான் பக்கம்தான்: புரோகிராம் சுமார் 2 மடங்கு மெதுவாகும், மெம்செக்கில் 20, 30 மடங்குகூட ஆகும். அதனால் என் முதல் தேர்வு ஏசான். கம்பைல் செய்ய சோர்ஸ் இல்லாத லைப்ரரி என்றால் வால்கிரைண்டை எடுப்பேன். இனிஷியலைஸ் செய்யாத மெமரியைப் படிப்பதையும் அது காட்டும், ஏசான் காட்டாது. இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியாது.

இரண்டும் கைவிடும் இடம், பல வேரியபிள்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் ஸ்ட்ரக்ட். 16 பைட் பெயர், அதை ஒட்டி ஒரு இன்ட் எண்ணிக்கை. 17-வது பைட்டில் பூஜ்யம் விழுந்தால், எண்ணிக்கையில் இருந்த 300 சட்டென்று 256 ஆகிவிடும். எழுதியது அதே ஸ்ட்ரக்டுக்குள் என்பதால் இரண்டுக்கும் அது தவறாகவே தெரியாது. இங்கே டீபக்கரான ஜிடிபியில் (gdb) அந்த எண்ணிக்கைமேல் வாட்ச் (மாறினால் நிறுத்தும் கண்காணிப்பு) வைத்துவிட்டு ஓட்டுங்கள். மதிப்பு மாறிய வரியிலேயே வந்து நிற்கும்.