பென்ஸ், பி.எம்.டபிள்யூ இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு லெக்சஸ் எடுத்தேன்: ஆறு வருட அனுபவம்

2019 டிசம்பரில் எடுத்த கார். இன்றைக்கு மீட்டரில் 118,000 கிலோமீட்டர் காட்டுகிறது. மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட கார் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், கோயில் கூட்டத்தில் கேட்கிறார்கள், போன வாரம் டயர் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தம்பி வந்து கேட்டார். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுதாக எழுதிவிடுகிறேன்.

என் நிலைமையை முதலில் சொல்ல வேண்டும். மூன்று லாரி வைத்துத் தோட்டங்களிலிருந்து ஆலைக்குச் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றுகிறேன். வீடு டவுனில்தான், ஆனால் அக்காள் இன்னும் தோட்டத்தில் இருக்கிறார், அங்கே போக நான்கு கிலோமீட்டர் செம்மண் சடக்கு (சாலை). அம்மாவுக்கு அப்போது 72 வயது. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர், காண்டாவில் (தோள் கம்பில்) வாளி மாட்டித் தூக்கிய தோள், இரண்டு முட்டியும் தேய்ந்துபோய் மாதம் இரண்டு முறை ஈப்போவுக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். பழைய பிக்கப்பில் அவரை ஏற்றி இறக்குவதற்குள் எனக்கே கண் கலங்கிவிடும். கார் மாற்ற முடிவு செய்த காரணம் அதுதான், ஆனால் ஷோரூமுக்குள் நுழைந்ததும் காரணம் மறந்துவிடுகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பார்த்தவை மூன்று. மெர்சிடிஸ் பென்ஸ் சி200, பி.எம்.டபிள்யூ 330ஐ (330i), லெக்சஸ் இஎஸ்250. அந்த வருடம் மூன்றும் இரண்டரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) ஒட்டிய விலையில் இருந்தன. பென்ஸ் இங்கேயே பகாங் பெக்கானில் பாகங்களைப் பூட்டிச் செய்வது, பி.எம்.டபிள்யூ கெடா கூலிமில் அப்படிப் பூட்டுவது, லெக்சஸ் ஜப்பானிலிருந்து முழுதாகக் கப்பலில் வருவது. ஈப்போவில் ஒரு ஷோரூமில் (எது என்று சொல்லப்போவதில்லை) வேலை உடுப்போடு போனேன் என்பதற்காக இருபது நிமிடம் யாரும் வந்து பேசவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அந்தக் காரை வேறு ஊரில் போய் ஓட்டிப் பார்த்தேன், அவர்கள் மரியாதையாக நடத்தினார்கள்.

330ஐ பற்றி மனதார எழுதுகிறேன். ஈப்போ ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கம் வரை நெடுஞ்சாலையில் மலையேற்றம், இடது பக்கம் லாரிகள் முக்கி முனகி ஏறிக்கொண்டிருக்கும், அந்த இடத்தில் இந்தக் காரை மிதித்தால் ஏற்றம் என்பதே தெரியவில்லை. 2.0 லிட்டர் டர்போ, 258 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர், 100 கிலோமீட்டர் வேகத்தை 5.8 நொடியில் தொட்டுவிடும் என்று தாளில் போட்டிருப்பதை உடம்பு உணர்கிறது. வளைவில் ஸ்டீயரிங் கையோடு பேசுகிறது. ஓட்டுவதற்கென்றே பிறந்த கார், இன்றைக்கும் அந்த அரை மணி நேரம் எனக்கு மறக்கவில்லை.

பென்ஸ் வேறு ரகம். உள்ளே உட்கார்ந்தால் கண்ணுக்கு விருந்து, மூன்றில் அழகான உள்பக்கம் அதற்குத்தான். எங்கள் ஊரில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பென்ஸ் கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள், வேறு காரைக் கேட்டு நான் பார்த்ததில்லை, அந்த மதிப்பு எங்கேயும் போகவில்லை. அந்த வருட சி200க்கு 1.5 லிட்டர் டர்போ எஞ்சின், கூடவே 48 வோல்ட் மின் உதவி. ரோடு டேக்ஸ் வருடத்துக்கு வெறும் 90 வெள்ளி! 330ஐக்கு 379 வெள்ளி. நான் எடுத்த இஎஸ்250க்கு, 2,487 சிசி என்பதால், 867 வெள்ளி. பென்ஸோடு ஒப்பிட்டால் ஆறு வருடத்தில் நாலாயிரத்து அறுநூறு வெள்ளிக்கு மேல் ரோடு டேக்ஸிலேயே அதிகம் கட்டியிருக்கிறேன். இதை யாரும் வாங்கும்போது கணக்குப் போடுவதில்லை, நானும் போடவில்லை.

அப்புறம் எப்படி லெக்சஸ்?

ஒரு சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் காரில் ஏறுகிற விதம் ஒன்று உண்டு. முதலில் கதவுப் பக்கம் முதுகைக் காட்டி நிற்பார், இடது கையால் கதவு மேல்விளிம்பைப் பிடிப்பார், மெதுவாகப் பின்பக்கமாக உட்காருவார், பிறகு தன் கையாலேயே வலது காலைத் தூக்கி உள்ளே வைத்து, மூச்சு வாங்கி, இடது காலைத் தூக்குவார். 330ஐயில் இதைச் செய்தபோது இருக்கை தாழ்வாக இருந்ததால் கடைசி அரை அடிக்குப் பொத்தென்று விழுந்தார். "குழிக்குள்ள இறங்குற மாதிரி இருக்குய்யா" என்றார். பென்ஸில் இறங்கும்போது பாதம் கதவுத் தூணுக்கும் இருக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது, நான் குனிந்து விடுவிக்க வேண்டியிருந்தது. லெக்சஸில் இரண்டு காலும் ஒரே மூச்சில் உள்ளே போயின. முன் இருக்கைக்கும் அவர் முட்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடம். சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயே முடிவாகிவிட்டது.

அளவுகளைப் பார்த்தால் காரணம் தெரியும். இஎஸ் 4,975 மில்லிமீட்டர் நீளம், 330ஐ 4,709, சி200 அதைவிடவும் கொஞ்சம் குட்டை. இஎஸ் முன்சக்கர இழுவை கார், எஞ்சின் குறுக்காகப் படுத்திருக்கும், அதனால் மிச்சமாகும் இடம் பின் இருக்கைக்குப் போகிறது. மற்ற இரண்டும் பின்சக்கர இழுவை, நடுவில் தண்டு ஓடுவதால் தரையில் பெரிய மேடு, மூன்றாவது ஆளுக்குக் கால் வைக்க இடமில்லை. நியாயமாகச் சொன்னால் இஎஸ்ஸைப் பென்ஸின் பெரிய இ-கிளாஸோடும் பி.எம்.டபிள்யூவின் பெரிய 5 சீரிஸோடும்தான் ஒப்பிட வேண்டும், ஆனால் என் கையில் இருந்த காசுக்கு எதிரே நின்றவை இந்த இரண்டும்.

இன்னொரு காரணம் டயர். 330ஐக்கு வருவது ரன்ஃபிளாட் டயர். காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம் என்பதற்காகப் பக்கச்சுவரைக் கெட்டியாகச் செய்திருப்பார்கள், அதனால் பூட்டில் (பின்பக்கச் சாமான் அறையில்) ஸ்பேர் டயர் கிடையாது. நெடுஞ்சாலையில் இருப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். எங்கள் செம்மண் சடக்கில் அந்தக் கெட்டித்தனம் நேராக முதுகெலும்புக்கு வருகிறது. அதோடு செம்பனை மட்டை முள்ளும் குலை முள்ளும் சடக்கெல்லாம் சிந்திக் கிடக்கும், டயரில் ஏறாத மாதமே இல்லை. தோட்டத்துக்கு உள்ளே பாதி இடத்தில் போன் லைன் வராது, யாரைக் கூப்பிடுவது?

2021 மழைக்காலத்தில் செம்மோர் பக்கம் பழைய ரோட்டில் தண்ணீருக்கு அடியில் இருந்த குழி தெரியாமல் விட்டேன். முன் இடது டயரின் பக்கச்சுவர் கத்தியால் வெட்டியதுபோலக் கிழிந்துவிட்டது. அம்மா பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார். மழையில் பூட்டைத் திறந்து சின்ன ஸ்பேர் டயரை மாட்டி அரை மணி நேரத்தில் கிளம்பினோம். அப்போதுதான் பூட்டில் கிடக்கும் அந்தச் சக்கரத்தின் அருமை தெரிந்தது.

எஞ்சின் விஷயம். டர்போ இல்லாத சாதாரண 2.5 லிட்டர், 8 கியர் ஆட்டோ. 100ஐத் தொட ஒன்பது நொடிக்கு அருகில் ஆகும். மெனோரா ஏற்றத்தில் அழுத்தினால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். 330ஐ ஓட்டிய கைக்கு இது ஏமாற்றம்தான், மறைக்க ஒன்றுமில்லை. நெடுஞ்சாலையில் 110இல் விட்டுவிட்டால் உள்ளே அவ்வளவு அமைதி, கோலாலம்பூர் போய் இறங்கினாலும் உடம்பு களைத்திருக்காது. பெட்ரோல் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர், ஊருக்குள் பத்து. ரோன்95 (சாதாரண ரக பெட்ரோல்) போதும். பல வருடம் லிட்டர் 2.05 வெள்ளிக்குப் போட்டேன், 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து மைகார்டு (அடையாள அட்டை) காட்டி 1.99க்குப் போடுகிறேன்.

பிடிக்காதவையும் இருக்கின்றன. திரையை இயக்க நடுவில் ஒரு தொடுபலகை வைத்திருக்கிறார்கள், விரலால் தடவி அம்புக்குறியை நகர்த்த வேண்டும். நின்ற காரிலேயே சிரமம், குலுங்கும் சடக்கில் ஒரு பாட்டு மாற்றுவதற்குள் இரண்டு மரம் தாண்டிவிடும். 2021இல் வந்த புதுப்பித்த மாடலில் தொடுதிரை கொடுத்துவிட்டார்கள், பழைய கார் தேடுபவர்கள் அதைப் பார்த்து எடுங்கள். பின் இருக்கையை மடக்க முடியாது, நீளமான சாமான் ஏற்ற வழியில்லை, தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை போனபோது காவடிச் சாமான்களை லாரியில்தான் அனுப்பினேன். நீளமான கார் என்பதால் டவுன் கடைவீதியில் நிறுத்த இடம் தேட வேண்டும். சர்வீஸுக்கு ஒரு நாள் வேலை போய்விடுகிறது. ஆனால் லெக்சஸைச் செய்யும் டொயோட்டா 2022 முதல் இங்கே விற்ற கேம்ரியிலும் இதே எஞ்சின்தான் என்பதால், இந்த எஞ்சினைத் தெரிந்த பட்டறைகள் இப்போது கூடியிருக்கின்றன, அந்த வகையில் நிம்மதி.

எலி கதையைச் சொல்லாமல் விட முடியாது, செம்பனைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். செம்பனைப் பழத்துக்கு எலி வரும், அதற்காகவே தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். 2022இல் ஒரு காலை ஸ்டார்ட் செய்ததும் மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி நடுங்கியது. மூடியைத் தூக்கினால் எஞ்சின் மேல் உறைக்கு அடியில் காய்ந்த புல், கடித்த பழக் கொட்டை, பஞ்சு எல்லாம் வைத்து அழகாகக் கூடு கட்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு வயர்க்கட்டு செம்பு தெரிகிற அளவுக்குக் கடிபட்டிருந்தது. ஈப்போவில் ஒரு வயர்மேன் முழுக்கட்டையும் மாற்றாமல் கடிபட்ட ஏழு வயரை மட்டும் ஒவ்வொன்றாக ஒட்டிச் சுற்றிக் கொடுத்தார், 1,400 வெள்ளி. அன்றிலிருந்து கார் கொட்டகையில் கோழித் தீவனச் சாக்கு வைப்பதில்லை, இரவில் மூடியைத் தூக்கிவைத்து ஒரு விளக்கைப் போட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு வரவில்லை.

வாங்கிய நேரம்தான் கொஞ்சம் மனதைச் சுட்டது. எடுத்து மூன்று மாதத்தில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கார் வாசலில் நின்றது. 2020 ஜூன் 15 முதல் அரசாங்கம் விற்பனை வரியைத் தளர்த்தியது, இங்கே பூட்டும் கார்களுக்கு முழுதாக, இறக்குமதிக் கார்களுக்குப் பாதி. ஆறு மாதம் பொறுத்திருந்தால் நல்ல தொகை மிச்சமாகியிருக்கும். ஆனால் அந்த ஆறு மாதமும் அம்மா பிக்கப்பில்தான் ஏறி இறங்கியிருப்பார், அதை நினைத்து விட்டுவிட்டேன்.

டயர் கடையில் கேட்ட தம்பிக்கு 28 வயது, ஈப்போவில் வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, தினமும் தானே ஓட்டிப் போகிறார். 2020 மாடல் 330ஐ ஒன்று கைமாற்றுக்கு வந்திருக்கிறது என்று போனில் படம் காட்டினார். தயங்காமல் எடுங்கள், டயர் நான்கையும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள் என்றேன். வீட்டில் யார் யார் என்று கேட்டேன். அப்பா இருக்கிறார், இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகி ஆறு மாதம் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், முதலில் என் காரில் உட்காரட்டும், அப்புறம் மூவருமாகப் போய் அந்த 330ஐயின் பின் கதவைத் திறந்து பார்க்கலாம்.