கோத்தகிரி குளிருக்கு எது தேறும்: குழியாடியா, ஒத்ததிர்வுக் குழாயா?

சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு வீட்டுத் திண்ணையில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். கையில் இருந்த காசுக்கு ஒரு குழியாடி (உள்பக்கம் குழிந்த ஆடி) வாங்கலாம், அல்லது ஓர் இசைக்கவை (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் உலோகக் கவை) வாங்கலாம். கவை இருந்தால், ஒரு குழாயும் தண்ணீரும் வைத்து ஒலியின் வேகத்தை அளக்கலாம்; அதுதான் ஒத்ததிர்வுக் குழாய். முதலில் ஆடியை வாங்கினேன். இரண்டு மழைக்காலம் கழித்து, இசைக்கவைதான் முதலில் வந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆடி மோசமில்லை. குவியத் தூரம், அதாவது தொலைவிலிருந்து வரும் ஒளியை அது ஒன்றுசேர்க்கும் தூரம், 15 சென்டிமீட்டர். மெழுகுவத்தியை 30 சென்டிமீட்டரில் வைத்து ஆடியைச் சற்றே சாய்த்தால், பக்கத்தில் பிடித்த காகிதத்தில் சுடர் அதே அளவில் தலைகீழாக விழும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட வாயைப் பிளக்கும். கண்ணுக்குக் காட்ட குழாயில் அப்படி எதுவும் கிடையாது.

ஆனால் ஆடியை வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே துணியே காயாது. ஆடியின் பின்பக்க வெள்ளிப் பூச்சுக்குள் ஓரம் வழியாக ஈரம் ஏறி, விளிம்பெல்லாம் கருப்புப் புள்ளி. காலை வேளையில் நாலு பிள்ளைகள் குனிந்து பார்த்தால் மூச்சுப் பட்டே மங்கிவிடும். துடைத்துத் துடைத்துக் கீறல் வேறு. குவியத் தூரம் காண தொலைவில் ஒரு பொருள் வேண்டும். எதிர்ச்சரிவு சில்வர் ஓக் மரத்தைத்தான் வைத்திருந்தேன். மஞ்சு இறங்கிவிட்டால் மரமும் இல்லை, மலையும் இல்லை, பாடமும் இல்லை.

குழாய்க்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டரை அடி பிவிசி குழாய், கொல்லையில் நிற்கும் தண்ணீர் டிரம், 512 ஹெர்ட்ஸ் கவை. குழாயைத் தண்ணீரில் செங்குத்தாக அமிழ்த்தி, கவையை ரப்பர் செருப்பில் தட்டி குழாய் வாயருகே பிடித்து, குழாயை மெல்ல உயர்த்த வேண்டும். தண்ணீருக்கு மேல் குழாய் பதினாறு சென்டிமீட்டர் கிட்ட வரும்போது சத்தம் திடீரென்று பொங்கும். அடுத்தது 49 கிட்ட. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை அலைநீளம். கழித்துவிடுவதால் முனைத் திருத்தத்தை (அலை குழாய் வாயைச் சற்றுத் தாண்டி நீள்வதற்கான கூட்டலை) பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

எங்களுக்கு 15 டிகிரிக் குளிரில் அந்த வித்தியாசம் 33.2 சென்டிமீட்டர் வந்தது. இரண்டால் பெருக்கி 512ஆல் பெருக்கினால் ஒலியின் வேகம்: வினாடிக்கு 340 மீட்டர். அதே குழாயை மேட்டுப்பாளையத்தில் மாமா வீட்டில் 30 டிகிரியில் வைத்தபோது 34ஐத் தாண்டியது. காதால் பிடிக்கிற அளவு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்பின் இருக்கும். ஆனாலும் ஒரு சென்டிமீட்டர் கிட்ட வித்தியாசம் ஸ்கேலிலேயே தெரிகிறது.

"மேலே காத்து லேசு, அதான் சத்தம் மெதுவா போகுது சார்" என்றான் ஒருவன். நல்ல சந்தேகம். ஆனால் உயரம் ஏற அழுத்தம் குறைகிற அளவுக்கு அடர்த்தியும் குறைவதால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். மிச்சம் இருப்பது வெப்பநிலை மட்டும்: டிகிரிக்கு வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் மாறும். மலையையும் சமவெளியையும் ஒரே கணக்கில் கொண்டுவருகிற இந்த இடத்தை ஆடியால் தர முடியாது.

கவைக்குப் பராமரிப்பு என்றால், ஈரத்தைத் துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறேன்; இதுவரை துருவில்லை. 256 கவையை நான் வைத்துப் பார்த்ததில்லை. கணக்குப்படி அதற்கு முதல் ஒத்ததிர்வே 32 சென்டிமீட்டரில் வரும். இரண்டாவதற்கு என் குழாய் பத்தாது.

ஆடியை அரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பங்குனி வெயில் வந்ததும் எடுப்போம்.