முதல் டிரெய்லர்: பாப்-அப்பா, பங்க் படுக்கையா, ஃபைபர்கிளாஸ் முட்டையா?

வண்டியின் பின்னால் இழுத்துப்போய் முகாமில் தங்கும் டிரெய்லர் வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை பேர் படுக்கணும்?" என்பதுதான். நாங்களும் அதற்குத்தான் பதில் வைத்திருந்தோம். மிச்சிகனில் இருக்கிறோம். நானும் கணவரும், பிள்ளைகள் இரண்டு பேர், கோடையில் ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மா, அப்பா. மொத்தம் ஆறு பேர். விற்பனையாளர் 24 அடி நீளத்தில் பங்க் படுக்கை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படுக்கை வைத்த புது டிரெய்லரைக் காட்டினார். "உங்க எஸ்யூவி 5,000 பவுண்டு இழுக்கும், இது 3,900தான், தாராளம்" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். 3,900 என்பது காலி டிரெய்லரின் எடை. பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், துணிமணி, தண்ணீர் எல்லாம் ஏறினால் 4,700-ஐத் தொடும். தண்ணீர் மட்டுமே காலனுக்கு 8.3 பவுண்டு. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் உருண்டையின் மேல், அதாவது டிரெய்லரை மாட்டும் வண்டிப் பின்புற இணைப்பின் மேல், அழுத்த வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் இருபுறமும் ஆட ஆரம்பிக்கும். 4,700-க்கு 13 சதவீதம் 611. எங்கள் வண்டியின் கையேட்டில் ஹிட்ச்சுக்கு உச்ச வரம்பு 500.

இன்னொரு கணக்கும் உண்டு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் தெரியும்: ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று. எங்களுடையதில் 1,350. ஹிட்ச் மேல் அழுத்தும் எடையும் இதில்தான் சேரும். ஆறு பேர் 760, ஹிட்ச்சின் மேல் 611, எடையைப் பகிரும் ஹிட்ச் கருவி 80, பின்னால் பெட்டிகள் 150. கூட்டினால் 1,601. பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் இந்த வரம்பை மீற எனக்கு மனம் வரவில்லை. எடையைப் பகிரும் கருவியை விட்டுவிட்டாலும், ஆட்களும் பெட்டிகளும் போக 1,350-இல் ஹிட்ச்சுக்கு மிஞ்சுவது 440. அதை 13 சதவீதமாக வைத்துத் திருப்பிக் கணக்கிட்டால், எங்களால் நிஜமாக இழுக்க முடிவது சாமானோடு சுமார் 3,380 பவுண்டுதான். சியன்னா, ஒடிஸி போன்ற மினிவேன் வைத்திருப்பவர்களுக்கு இழுவை வரம்பே 3,500. ஆட்கள் ஏற ஏற அதுவும் சுருங்கும்.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றையும் மறுபடி பார்த்தோம்.

பாப்-அப் என்பது கூரையை உயர்த்தி, இரு பக்கமும் படுக்கைகளை இழுத்துவிடும் துணிச்சுவர் டிரெய்லர். எடை குறைவு, மடக்கினால் பல மாடல்கள் வீட்டு கராஜுக்குள்ளேயே போய்விடும். வாசலில் டிரெய்லர் நிறுத்தக் கூடாது என்று சொல்லும் குடியிருப்புச் சங்கங்கள் இங்கே நிறைய, அதனால் இது சின்ன விஷயமில்லை. பழையது வாங்கினால் மூன்றிலும் இதுதான் மலிவு. மினிவேனும் இரண்டு பிள்ளைகளும் உள்ள இளம் குடும்பத்துக்கு இதையே சொல்வேன். ஆனால் மழையில் மடக்கினால் வீட்டுக்கு வந்ததும் மறுபடி விரித்துக் காயவைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் துணியில் பூஞ்சை பிடித்துவிடும். தாளிக்கிற வாசனையும் துணியில் தங்கும், சமையலை வெளியே வைத்துக்கொள்வது நல்லது. கரடி நடமாட்டம் உள்ள சில இடங்களில் துணிச்சுவருக்கு அனுமதியே கிடையாது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாம் அப்படிப்பட்டது. எங்களுக்கு இது சரிப்படாமல் போனதற்குக் காரணம் அம்மா. உயரமான அந்தப் படுக்கையில் அவரால் ஏற முடியவில்லை. "ராத்திரி பாத்ரூம் போகணும்னா டார்ச் எடுத்துட்டு இருட்டுல நடக்கணுமாடி?" என்று கேட்டார். பெரும்பாலான பாப்-அப்களில் கழிப்பறை கிடையாது.

பங்க் படுக்கை வைத்த வழக்கமான டிரெய்லரில் கொடுக்கும் காசுக்குக் கிடைக்கும் இடம் அதிகம். அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பகுதி இந்தியானாவின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது, நூற்றுக்கணக்கான மாடல்கள். சரியான பிக்அப் டிரக் இருந்தால் ஆறு பேருக்கு இதுதான் வசதி. இதன் பகைவன் தண்ணீர். பெரும்பாலானவற்றின் சுவர் மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு, அல்லது மெல்லிய பிளைவுட்டில் ஒட்டிய ஃபைபர்கிளாஸ். கூரை ஓரத்து இடுக்குகளை அடைக்கும் ஸீலன்ட் பசையில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும், உள்ளே மரம் இற்றுப்போகும். ஒட்டிய சுவர் கொப்புளம்போல் உப்பும். வருடத்துக்கு இரண்டு முறையாவது ஏணி போட்டுக் கூரையைப் பார்க்க மனமில்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம்.

மூன்றாவது, வடிவத்தால் முட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற ஃபைபர்கிளாஸ் டிரெய்லர். மினசோட்டாவில் செய்யும் ஸ்கேம்ப், டெக்சஸில் செய்யும் கஸீட்டா இரண்டும் பழைய பெயர்கள். படகைப் போல அச்சில் வார்த்த இரண்டு ஓடுகளைச் சேர்த்துச் செய்வதால் மரச்சட்டச் சுவரோ கூரை மூலைத் தையலோ இல்லை. ஒழுகினால் ஜன்னல், கூரைத் திறப்பு, ரிவெட் வழியாகத்தான்; அவற்றைக் கண்டுபிடித்து அடைப்பது எளிது. 16 அடி ஸ்கேம்ப்பில் கழிப்பறை வைத்த அமைப்பும் உண்டு. சாமான் ஏற்றியும் சுமார் 3,000 பவுண்டுக்குள் நிற்கும். குறை இரண்டு. உள்ளே நெருக்கம். பழையதானாலும் விலை இறங்காது, ஆனால் நாளைக்கு விற்கும்போது நமக்கும் அதுவே லாபம்.

நாங்கள் பழைய 16 அடி முட்டையைத் தேடினோம். ஆறு பேரையும் டிரெய்லருக்குள் படுக்கவைக்கும் எண்ணத்தை விட்டதும் எல்லாம் சுலபமானது. அம்மாவும் அப்பாவும் உள்ளே, நாங்களும் பிள்ளைகளும் பக்கத்தில் கூடாரத்தில்.

வாங்கப் போகும்போது செய்ததையும் சொல்கிறேன். முதல் நாளே ஃபோன் பண்ணி ஃப்ரிட்ஜைப் போட்டு வைக்கச் சொன்னோம். கேஸிலும் ஓடும் ஃப்ரிட்ஜ் குளிர பல மணி நேரம் ஆகும், போய் நின்று போட்டால் ஒன்றும் தெரியாது. கதவைத் திறந்ததும் ஈர வாடை அடிக்கிறதா என்று பார்த்தோம். ஜன்னலுக்குக் கீழேயும் தரை மூலைகளிலும் கட்டைவிரலால் அழுத்தினோம். மெத்தென்று உள்ளே போனால் அப்படியே திரும்பிவிட வேண்டியதுதான். டயரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு எண்கள் வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். டிரெய்லர் டயர், பட்டன் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் ஐந்தாறு வருடத்தில் மாற்ற வேண்டும். தண்ணீர், கேஸ் அடுப்பு, ஹீட்டர், விளக்கு ஒவ்வொன்றையும் ஓட்டிக் காட்டச் சொன்னோம். டைட்டில் என்கிற உரிமைப் பத்திரத்தில் இருந்த எண்ணையும் டிரெய்லரின் அடிச்சட்டகத்தில் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டோம். 3,000 பவுண்டை ஒட்டிய எடைக்குப் பல மாநிலங்களில் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்பதால், அந்த பிரேக்கை வண்டியிலிருந்தே இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் பொருத்தும் செலவையும் பட்ஜெட்டில் முன்பே சேர்த்திருந்தோம்.

எதை வாங்குவது என்று இன்னும் தீராதவர்கள் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். முகாமிலேயே கொண்டுவந்து நிறுத்தித் தரும் உரிமையாளர்கள் உண்டு, இழுக்கும் கவலையும் இல்லை. எங்கள் அம்மாவின் பாத்ரூம் கேள்வி லடிங்டன் ஸ்டேட் பார்க்கில் அப்படி வாடகைக்கு எடுத்த ஒரு பாப்-அப்பில், முதல் ராத்திரியே வந்ததுதான்.