ஏஆர்-3ஏ மும்பையில்: ஃபோம் ஒரு நாள் வேலை, நாப் ஆயுள் முழுக்க வேலை

மாட்டுங்காவில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள், அமெரிக்காவின் அக்கூஸ்டிக் ரிசர்ச் (ஏஆர்) கம்பெனியின் பழைய ஏஆர்-3ஏ ஸ்பீக்கர் ஜோடி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று செம்பூர் நண்பர் கேட்டார். "ஃபோம் உதிர்ந்திருக்கும், அது ஒன்றுதானே வேலை?" என்றும் கேட்டார். கோன் எனும் கூம்பைச் சட்டத்தோடு பிணைக்கும் மெத்தென்ற விளிம்பைத்தான் ஃபோம் என்றார். ஒரு வரியில் முடிக்க முடியாத கேள்வி. பழுது பார்த்த ஜோடியைச் சில மழைக்காலங்கள் தாண்டி ஓட்டிய பிறகு சொல்கிறேன்: ஃபோம் பெரிய விஷயமே இல்லை. பெட்டியின் முதுகில் இருக்கும் அந்த இரண்டு நாப்தான் உயிரை எடுக்கும்.

தாழ்ந்த ஒலிக்கு 12 அங்குல வூஃபர், நடு ஒலிக்கு ஒன்றரை அங்குல டோம் (குமிழ் வடிவ) மிட்ரேஞ்ச், உச்ச ஒலிக்கு முக்கால் அங்குல டோம் ட்வீட்டர், 4 ஓம், காற்றுப் புகாத பெட்டி. 1967 வாக்கில் வந்த மாடல். இதெல்லாம் தேடி வருபவர்களுக்குத் தெரிந்ததுதான், நேராக நாப்புக்கு வருகிறேன்.

ஒன்று மிட்ரேஞ்சின் அளவுக்கு, மற்றது ட்வீட்டரின் அளவுக்கு. உள்ளே இருப்பது 16 ஓம் கம்பிச்சுற்று பாட், அதாவது திருப்பித் தடையை மாற்றும் பொட்டன்ஷியோமீட்டர். ஒரு வளையத்தில் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும், அதன்மேல் வில் போன்ற உலோகத் தகடு ஒன்று அழுத்திக்கொண்டு நகரும். முழுவதும் அடைத்த அமைப்பு அல்ல. வாங்கியவர் ஒரு முறை திருப்பி வைத்தால் பிறகு ஐம்பது வருடம் யாரும் தொடமாட்டார்கள். ஒரே புள்ளியில் இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் ஈரம், கூடவே கடற்காற்றின் உப்பு. பச்சைக் களிம்பு பிடிக்க வேறென்ன வேண்டும்? ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மும்பையில் அலமாரிக்குள் வைத்த தோல் செருப்பே பூசணம் பூக்கிறது. கழிமுகத்தை ஒட்டிய வீடுகளில் கந்தக வாடைக் காற்று வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். பெட்டி காற்றுப் புகாதது என்றாலும், நாப்பின் தண்டு வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே போகும்.

கெட்டால் வெறும் கரகரப்போடு நிற்காது. களிம்பு முற்றினால் தொடர்பே அறுந்து மிட் முழுதாகப் போய்விடும், அல்லது ட்வீட்டர் மௌனமாகிவிடும். கேட்பவருக்குக் கனமான திரைக்குப் பின்னால் பாடுவதுபோல் இருக்கும். ரிப்பேர் கடையில் "ட்வீட்டர் எரிந்துவிட்டது" என்று சொல்லி, நல்ல டோமைக் கழற்றி வீசிவிட்டு, கையில் கிடைத்த ஏதோ ஒரு பீசோ ட்வீட்டரை மாட்டி "சலேகா" (இது ஓடும்) என்று அனுப்பிவிடுவார்கள். இப்படிப் பாழான ஜோடிகளைப் பழைய பொருள் சந்தையான சோர் பஜாரில் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்த டோம்களுக்கு இன்று நிகரான மாற்று கிடையாது. ஒரு களிம்புப் புள்ளிக்காக அவை குப்பைக்குப் போயிருக்கின்றன.

சுத்தம் செய்வது இப்படி. பெட்டியை முகம் மேலே பார்க்கப் படுக்க வையுங்கள். ஒன்று சுமார் 24 கிலோ, தனியாகத் தூக்க வேண்டாம். துணிச் சட்டத்தை மெல்லிய பட்டித் தகட்டால் ஓரம் ஓரமாக நெம்புங்கள், ஒரே இடத்தில் நெம்பினால் சட்டம் முறியும். வூஃபரின் திருகுகளைக் கழற்றித் தூக்கினால் உள்ளே அடைத்திருக்கும் நார்ப் பஞ்சு தெரியும். முகமூடியும் கையுறையும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. எடுத்ததை எடை போட்டுக் குறித்து வைத்து, அதே அளவைத் திரும்ப வையுங்கள். பஞ்சின் அளவு மாறினால் பாஸ் மாறும். நாப்பின் பாட் இருக்கும் இடத்துக்கு வூஃபரின் துளை வழியாகத்தான் கை போக முடியும். ஒயர்களின் நிறத்தோடு படம் எடுத்துக்கொண்டு பிறகு பற்றை உருக்குங்கள்.

பாட் வெளியே வந்தபின் அதன் மூடியைத் திறந்ததும் பச்சை தெரியும். வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, சமையல் சோடா கலந்த நீரில் அலசி, பிறகு சுத்தமான நீர், கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். சோடா நீரில் அலசாமல் விட்டால் மிஞ்சிய அமிலமே அடுத்த களிம்புக்கு விதை. வில் தகட்டின் தொடுபுள்ளியை மிக மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பாக்கி, விரலால் சற்றே வளைத்து அழுத்தத்தைக் கூட்டி, காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய கிரீஸ் படலம் பூசி மூடலாம். மல்ட்டிமீட்டரில் இரு ஓரங்களுக்கும் இடையே 16 ஓமை ஒட்டி வரவேண்டும். ஒரு ஓரத்துக்கும் நடுமுனைக்கும் இடையே வைத்துத் தண்டைச் சுழற்றினால் எண் துள்ளாமல் ஏறி இறங்க வேண்டும். எங்காவது தொடர்பு விட்டு விட்டு வந்தால் மறுபடி கழற்ற வேண்டியதுதான். துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் எண்ணெயை இதில் அடிக்க வேண்டாம். முதல் வாரம் பிரமாதமாக இருக்கும், பிறகு அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டி முன்பைவிட மோசமாகும்.

இவ்வளவும் செய்த பிறகு? அடுத்த மழைக்காலம் முடியும்போது திரும்பவும் கரகரக்கிறது. மாதம் ஒரு முறை, ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, இரண்டு நாப்பையும் ஓரத்திலிருந்து ஓரம்வரை இருபது தடவை சுழற்றிப் பழைய இடத்தில் வைத்தால் ஓரளவு தள்ளிப்போகும். தீராது.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் எல்-பேட் கிடைக்கும், 8 ஓம். ஸ்பீக்கரின் ஒலி அளவைக் குறைக்கும் இன்னொரு வகை நாப் அது. அதை மாட்டிவிடலாமே என்பார்கள். மாட்டலாம். ஆனால் அதன் கழுத்து மெல்லிய தகட்டில் பொருத்த ஆனது. இந்தப் பெட்டியின் தடித்த மரப்பலகையில் உள்பக்கம் குடைந்தால்தான் நட்டுப் பிடிக்கும். மின் கணக்கும் வேறு. பழைய நாப்பில் 16 ஓம் கம்பி எப்போதும் சுற்றுக்குக் குறுக்கே நிற்கும். எல்-பேட் தன் 8 ஓமை மாறாமல் காட்ட முயலும். மிட்டும் ட்வீட்டரும் 8 ஓம் அல்ல என்பதால் அதுவும் சரியாக நடக்காது. பழைய நாப் நின்ற இடத்தில் புதியதை வைத்தால் அதே ஒலி வராது, காதால் புதிதாகத் தேடவேண்டும். மலிவான எல்-பேடுகளும் திறந்த அமைப்புதான், அவையும் இதே காற்றைத்தான் சுவாசிக்கின்றன.

மூன்றாவது வழி, நாப்பையே விலக்கி நிலையான ரெசிஸ்டர் போடுவது. கணக்கு எளிது. ட்வீட்டரை 4 ஓம் என்று எடுத்துக்கொண்டால், 2 டெசிபல் குறைக்க வரிசையில் 0.82 ஓம், ட்வீட்டருக்குக் குறுக்கே 15 ஓம். 3 டெசிபலுக்கு 1.2 ஓமும் 10 ஓமும். பத்து வாட் சிமென்ட் ரெசிஸ்டர் போதும். களிம்பு என்ற பேச்சே இல்லை. இதைத்தான் முதலிலேயே செய்திருக்கலாமே என்றால், கெப்பாசிட்டர்களை மாற்றி முடிக்கும்வரை எத்தனை டெசிபல் குறைக்கவேண்டும் என்றே தெரியாது. அங்கேதான் நாப் இல்லாமல் முடியாது.

ஒலியை மூன்றாகப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றில் 150, 50, 6 மைக்ரோஃபேரட் என்று மூன்று கெப்பாசிட்டர் மதிப்புகள். 150 வூஃபருக்கு, 50 மிட்டுக்கு, 6 ட்வீட்டருக்கு. பழையவை வயதில் மதிப்பு மாறியிருக்கும், உள்தடையும் ஏறியிருக்கும். அந்த உள்தடை ஒரு ரெசிஸ்டர்போல மிட்டைக் கொஞ்சம் அடக்கி வைத்திருக்கும். புதியது போட்டதும் மிட் முன்னால் பாய்ந்து வரும். "ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டேன், ஒலி கூர்மையாகிவிட்டது" என்று அலுத்துக்கொள்பவர்களில் பலர் கேட்பது இந்த அளவு வித்தியாசத்தைத்தான். ஆகவே முதலில் நாப்பைச் சுத்தம் செய்து, கெப்பாசிட்டர் மாற்றி, சில வாரம் கேட்டு அளவைப் பிடித்து, அந்த நிலையை மல்ட்டிமீட்டரால் அளந்த பிறகே ரெசிஸ்டருக்குப் போகவேண்டும். வரிசை மாறினால் இரட்டை வேலை.

இந்த வேலையில் மனம் நிறைந்த ஒன்று உண்டு. மிட்டுக்கான 50 மைக்ரோஃபேரட் ஃபிலிம் கெப்பாசிட்டரை ஆடியோ பெயரில் வாங்கினால் விலை தலை சுற்றும். ஏசி கம்ப்ரஸருக்குப் போடும் 50 மைக்ரோஃபேரட், 440 வோல்ட் ரன் கெப்பாசிட்டரும் உலோகப் படலம் பூசிய பாலிபுரோப்பிலீன்தான். ஏசி மெக்கானிக் கடை எதிலும் கிடைக்கும், விலை கொஞ்சம்தான், மதிப்பும் ஐந்து சதவீதத்துக்குள் நிற்கிறது. அலுமினிய டப்பா பெரிது, ஆனால் 12 அங்குலப் பெட்டியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பசையை மட்டும் நம்பாமல் கிளிப் வைத்து இறுக்குங்கள். ட்வீட்டருக்கு 3.3-உம் 2.7-உம் இணையாகச் சேர்த்தால் 6. சீலிங் ஃபேனின் 3.15 இரண்டு சேர்த்தால் 6.3, அதுவும் பழுதில்லை. மிட்டின் குரலில் வந்த தெளிவு, வீணையின் தந்தி மீட்டி விட்டபின் தேயும் நாதம்வரை கேட்கும் தெளிவு, இந்த மலிவான டப்பாவிலிருந்துதான் வந்தது. கடையில் "ரன்" என்று அழுத்திச் சொல்லிக் கேளுங்கள். மோட்டார் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் எலெக்ட்ரோலிட்டிக், அது வேண்டாம். வூஃபரின் 150-க்கு நான்-போலார் எலெக்ட்ரோலிட்டிக்கே போதும்: 100, 47, 3.3 மூன்றும் இணையாக, 100 வோல்ட்.

ஃபோம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாலியூரித்தேன் ஃபோம் காற்றின் ஈரத்தாலேயே சிதைகிறது, அதனால் மும்பையில் சீக்கிரம் போகும். பழைய பிசினை ஐசோபுரோப்பைலால் ஊறவைத்துச் சுரண்டுங்கள். புது வளையத்தைக் கோனின் எந்தப் பக்கம் பழையது ஒட்டியிருந்ததோ அதே பக்கம் ஒட்டுங்கள். தொட்டவுடன் பிடிக்கும் ரப்பர் பசை வேண்டாம், நகர்த்தி நடுவாக்க நேரம் தராது. வெள்ளையாக இருந்து காயும்போது தெளியும் பசைதான் சரி. முதலில் கோன் பக்கம், அது காய்ந்த பிறகு சட்டத்தின் பக்கம். ஒட்டும்போது 30 ஹெர்ட்ஸ் தொனியைச் சிறு ஒலியில் ஓடவிட்டு, வாய்ஸ் காயில் (கோனோடு சேர்ந்து அசையும் கம்பிச்சுருள்) உரசும் சத்தம் வராத இடத்தில் நிறுத்தி அழுத்துங்கள். "ரப்பர் போட்டுத் தருகிறேன், ஆயுளுக்கும் இருக்கும்" என்பவர்களிடம் இந்த வூஃபரைக் கொடுக்காதீர்கள். எட்கர் வில்ச்சர் 1954-இல் ஏஆர் நிறுவனத்தைத் தொடங்கியபோது கொண்டுவந்த யோசனையே, தொளதொளப்பான விளிம்பு, அதைத் தாங்கும் வேலை பெட்டிக்குள் அடைபட்ட காற்றுக்கு என்பதுதான். கனமான ரப்பர் வந்தால் கோனின் எடை ஏறும், ஒலி அளவு இறங்கும், இந்தக் கணக்கே கெடும்.

மூடியபின் கோனை இரு உள்ளங்கையாலும் சமமாக மெதுவாக உள்ளே அழுத்திவிடுங்கள். சோம்பலாக, நிதானமாகத் திரும்பி வரவேண்டும். சட்டென்று துள்ளினால் காற்று கசிகிறது. வூஃபரின் விளிம்பில் புட்டி சரியாக இருந்தும் கசிந்தால் இடம் பெரும்பாலும் நாப்பின் தண்டுதான். ஆம், அங்கேயும் அதுதான்.

ஒலி? இரவில் பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவில் வைத்தாலும் மிருதங்கத்தின் தொப்பி தனியாக, வட்டமாக, ஆழத்திலிருந்து வருகிறது. துளையிட்ட பெட்டிகளில் வரும் ஊதல் இல்லை. டோம்கள் அறை முழுக்கப் பரப்புவதால் நேர் நடுவில் உட்கார்ந்தால்தான் என்ற கட்டாயமும் இல்லை. 4 ஓமைத் தாங்கும், திராணியுள்ள ஆம்ப் வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

இத்தனை புகழ்ந்தும் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். கடல் பக்கம் ஜன்னல் வைத்த வீட்டில் இருப்பவர் நாப் இல்லாத, ரப்பர் விளிம்பு வைத்த பழைய இங்கிலாந்துப் பெட்டிகளைத் தேடுவது நல்லது. இதை எழுதும் இந்த அக்டோபரில் இடது ட்வீட்டர் மறுபடி வந்து வந்து போகிறது. அந்த எரிச்சலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்படியும் போய்ப் பார்க்கத்தான் போகிறேன் என்றால், கையில் ஒரு சின்ன ஆம்ப், தொனி எழுப்பும் ஆப் உள்ள போன், சுருட்டிய சார்ட் தாள் ஒன்று. மல்ட்டிமீட்டரை வெளி முனைகளில் வைத்து ட்வீட்டரைச் சோதிக்க முடியாது, நடுவில் கெப்பாசிட்டர் நிற்கிறது. பின்னால் 1, 2, டி என்று மூன்று முனைகள் இருக்கும். 2-க்கும் டி-க்கும் நடுவே தகடு இருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ட்வீட்டர் பேசாது. ஃபோம் உதிர்ந்திருந்தால் ஒலியைக் கூட்டாதீர்கள், வாய்ஸ் காயில் உரசி வூஃபரே போகும். சிறு ஒலியில் 2000 ஹெர்ட்ஸ் விட்டுத் தாள் குழாயை மிட்டிடமும், 8000 விட்டு ட்வீட்டரிடமும் வைத்துக் காது கொடுங்கள். சத்தம் இல்லையென்றால் நாப்பை ஓரம் முதல் ஓரம்வரை சுழற்றுங்கள். ஒரு நொடி கீச்சென்று வந்து போனாலும் டோம் உயிரோடு இருக்கிறது. நான்கு டோமும் அப்படி உயிரோடு இருந்து, கோன் கிழியாமல் இருந்தால், உதிர்ந்த ஃபோமைக் காட்டிப் பாதி விலைக்குக் கேளுங்கள். நாப் கரகரப்பதைக் காட்டி அதிலும் குறையுங்கள்.